ஆறாம் வகுப்பு முதல் ஏழு ஆண்டு: வேலூரில் சாதாரணப் பள்ளியில் இருந்தபடியே பரதம் கற்க

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் வாரத்தில் என்னைத் தேடி வரும் பெற்றோரில் பாதிப் பேர் கேட்பது, "மிஸ், எப்ப மேடை ஏத்துவீங்க?" மீதிப் பேர் கேட்பது, "படிப்பு கெட்டுடாதுல்ல மிஸ்?" இரண்டும் நியாயமான கேள்விகள்தான். ஆனால் முதலில் கேட்க வேண்டியது வேறு: வாரத்துக்கு எத்தனை மணி நேரம், எந்தத் தரையில்?

காட்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் பகுதிநேர நடன ஆசிரியையாக இருக்கிறேன். அதற்கு முன்னால் ஊருக்குள் இரண்டு பள்ளிகளில் இருந்தேன். எல்லாப் பிள்ளைகளும் போகிற சாதாரணப் பள்ளியில் சேர்ந்து, கணக்கும் அறிவியலும் படித்துக்கொண்டே பரதத்தை முறையாகக் கற்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியுமா என்றால், முடியும். ஆறிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏழு ஆண்டு இருக்கிறது. சிலப்பதிகாரத்து மாதவியும் ஐந்து வயதில் தொடங்கி ஏழு ஆண்டு பயின்றுதான் பன்னிரண்டாவது வயதில் சோழ மன்னன் முன் ஆடினாள். கணக்கு சரியாகத்தான் வருகிறது. என்ன, மாதவிக்குக் காலாண்டுத் தேர்வு கிடையாது.

பள்ளியில் இருப்பது எந்த வகை டான்ஸ் கிளாஸ்?

"எங்க ஸ்கூல்ல டான்ஸ் இருக்கு" என்று விளம்பரத் தாளில் போட்டிருந்தால் அதற்கு மூன்று அர்த்தம் உண்டு. ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் முன்னால் வெளியிலிருந்து ஒரு மாஸ்டர் வந்து, ஒரு பாட்டுக்கு ஸ்டெப் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போவது ஒரு வகை. வாரத்தில் ஒரு பீரியட், வகுப்பில் இருக்கிற நாற்பது ஐம்பது பிள்ளைகளையும் நிற்க வைத்துக் கையசைக்கச் சொல்வது இன்னொன்று. பத்துப் பதினைந்து பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, ஆண்டு முழுக்க, பள்ளி நேரத்திலும் பள்ளி விட்ட பிறகும் ஒரே ஆசிரியரிடம் பயிற்சி கொடுப்பது மூன்றாவது. நமக்கு வேண்டியது மூன்றாவது.

எப்படிக் கண்டுபிடிப்பது? "போன வருஷம் சேர்ந்த பிள்ளை ஒண்ணைப் பார்க்கலாமா?" என்று கேளுங்கள். செல்போனை எடுத்து ஆண்டு விழா வீடியோ காட்டினால் அது முதல் வகை. ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, அவள் சீருடையிலேயே வந்து, முழங்காலை மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்து, பரதத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளில் முதலாவதான தட்டடவை மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், செய்து காட்டினால் தைரியமாகச் சேர்க்கலாம். அவள் நன்றாக ஆடினாளா என்பதுகூட முக்கியம் இல்லை. ஒரு வருடம் முடிந்தும் அவள் தட்டடவை மறக்கவில்லை என்றால் அந்தப் பள்ளியில் வகுப்பு ஒழுங்காக நடக்கிறது.

அரசுப் பள்ளியில் படிக்கிற பிள்ளை என்றால், அங்கே நடனத்துக்கென்று ஆசிரியர் இருப்பது அரிது. அதற்காக விட்டுவிட வேண்டாம். கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றம் ஐந்து வயது முதல் பதினாறு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. கட்டணம் மிகக் குறைவு. கற்பதை அங்கே வைத்துக்கொண்டு, பயிற்சி செய்யப் பள்ளியில் ஒரு அறையும் நேரமும் கேட்கலாம். ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். மாவட்ட அரசு இசைப்பள்ளி என்று கேள்விப்பட்டுச் சிலர் ஓடுவார்கள். அங்கே பரதத்துக்கு மூன்று ஆண்டுச் சான்றிதழ்ப் படிப்பு இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது வார நாட்களில் பகல் முழுக்க நடப்பது. பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கு ஒத்துவராது. பள்ளிப் படிப்பை முடித்தவர்களுக்கு நல்ல வழி.

நேரம்

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒரு பீரியட் என்பது 45 நிமிடம். உடை மாற்றிக்கொண்டு, தண்ணீர் குடித்து, வரிசையில் நின்று நமஸ்காரம் செய்து முடிப்பதற்குள் பத்து நிமிடம் போய்விடும். மிச்சம் 35. வாரத்துக்கு இரண்டு தனிப் பீரியட் என்றால் 70 நிமிடம். தேர்வு, விடுமுறை, விளையாட்டு விழா, மழை லீவு எல்லாம் போக ஆண்டுக்கு முப்பது வாரம் கையில் நிற்கும் என்று என் அனுபவத்தில் வைத்துக்கொள்கிறேன். அப்படிப் பார்த்தால் வருடத்துக்கு 35 மணி நேரம். அதில் அடவுகளைப் பெயரளவுக்குத் தெரிந்துகொள்ளலாம், உடம்பில் ஏறாது.

அதே இரண்டு பீரியடைச் சேர்த்து ஒரே நாளில் கடைசி இரண்டு பீரியடாக வாங்கி, பள்ளி விட்ட பிறகும் அரை மணி நேரம் இருந்தால், ஒரே மூச்சில் இரண்டு மணி நேரம் கிடைக்கும். அதோடு இன்னொரு நாள் பள்ளி விட்டு ஒரு மணி நேரம், சனிக்கிழமை காலை ஒன்றரை மணி நேரம். ஆக வாரத்துக்கு நாலரை மணி, வருடத்துக்கு 135 மணி. இதை வைத்து வேலை செய்யலாம். பள்ளியிடம் நீங்கள் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: சேர்ந்தாற்போல் இரண்டு பீரியட், அறைச் சாவி, சனிக்கிழமை வாட்ச்மேன்.

கேட்டால் ஹெச்.எம். என்ன சொல்வார் என்பதும் தெரிந்ததுதான். பத்தாம் வகுப்புத் தேர்ச்சிப் பட்டியலில் வேலூர் மாவட்டம் கடைசி இடங்களில் நின்ற ஆண்டுகள் உண்டு. ரிசல்ட் வந்த மறுநாளிலிருந்து மேலிடத்து அழுத்தம் எல்லாம் அவர் தலையில்தான் விடியும். அதனால் "டான்ஸுக்கு டபுள் பீரியடா?" என்று முகம் சுளித்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஒருவராகப் போகாமல், ஒரே வகுப்பிலிருந்து ஐந்தாறு பெற்றோராகச் சேர்ந்து போங்கள். பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்திலோ, அரசுப் பள்ளியானால் பள்ளி மேலாண்மைக் குழுவிலோ பேசுங்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு மட்டும் கேட்கிறோம், ஒன்பதில் மறுபடி உட்கார்ந்து பேசலாம் என்று சொன்னால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.

ஒத்துக்கொண்டதும் டைம்டேபிளில் எழுத வையுங்கள். இது பட்டுக் கற்ற பாடம். முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் எனக்குச் செவ்வாய்க்கிழமை கடைசி இரண்டு பீரியட் என்று வாய்வார்த்தையாகத்தான் சொன்னார்கள். 'போர்ஷன் முடியல' என்று கணக்கு வாத்தியார் ஒரு வாரம் கடன் கேட்டார். அடுத்த வாரம் அறிவியல். அப்புறம் மாதிரித் தேர்வு. கடன் கொடுத்த பீரியட் ஒன்றாவது திரும்பி வந்ததாக எனக்கு நினைவில்லை. தைப்பொங்கல் முடிந்து வந்து பார்த்தால் பிள்ளைகள் நாட்டடவின் நாலாவது வகையிலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

தரையும் அறையும்

மாதவி ஆடிய அரங்குக்கு இளங்கோவடிகள் அளவே கொடுத்திருக்கிறார்: ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். ஆடுபவரைப் பற்றிப் பேசும்போதே நிற்கிற இடத்தையும் கோல் போட்டு அளந்து சொல்லவேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. நம் பள்ளிகளில் ஆடிட்டோரியத்துக்கு வழவழப்பான கிரானைட் போட்டுவிட்டு, "சூப்பரா இருக்குல்ல மிஸ்?" என்று கேட்கிறார்கள்.

பரதத்தில் பாதத்தை ஓங்கித் தட்டுகிறோம். ஒரு வகுப்பில் நூற்றுக்கணக்கான தட்டு விழும். கான்கிரீட் மேல் ஒட்டிய டைல்ஸும் கிரானைட்டும் அந்த அடியைக் கொஞ்சமும் வாங்கிக்கொள்ளாது. எல்லாம் குதிகாலிலிருந்து முழங்கால் வழியாக இடுப்புக்கு ஏறும். மரத்தரை இருந்தால் நல்லது, ஆனால் நம் ஊர்ப் பள்ளியில் அதை எதிர்பார்க்க முடியாது. நாங்கள் செய்தது இதுதான்: பழைய ரப்பர் மேட்டுகளைத் தரையில் பரப்பி, அதன் மேல் எட்டுக்கு நாலடி பிளைவுட் பலகைகளை நெருக்கிப் போட்டு, இணைப்புகளில் டேப் ஒட்டினோம். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் "மிஸ், கால் வலிக்குது" என்கிற குரல் பாதியாகக் குறைந்தது. ஜமக்காளம், யோகா மேட் இரண்டும் வேண்டாம், வழுக்கும்.

இடமும் பாருங்கள். இரண்டு கையையும் நீட்டி ஒரு அடி முன்னும் பின்னும் எடுத்து வைக்க ஒரு பிள்ளைக்கு ஆறுக்கு ஆறடி வேண்டும். இருபதுக்கு இருபதடி வகுப்பறையில் பெஞ்சை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டாலும் ஒன்பது பேர் வசதியாக ஆடலாம், இன்னும் இரண்டு பேரை நெருக்கலாம். முப்பது பேரை ஒரே அறையில் விட்டு வகுப்பு எடுக்கிறார்கள் என்றால் அங்கே கையை யாரும் முழுசாக நீட்டவில்லை என்று பொருள்.

தகர ஷீட் கூரை போட்ட அறை வேண்டவே வேண்டாம். வெயிலூர் என்று நம் ஊருக்குப் பட்டப்பெயர் சும்மா வரவில்லை. மார்ச் பாதியிலிருந்தே பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறையில் நிற்க முடியாது. ஏப்ரலில் 40 டிகிரியைத் தாண்டுகிற நாட்களில் என் வகுப்பு காலை ஏழு மணிக்குத்தான், எட்டரைக்கு முடித்துவிடுவேன்.

அப்புறம் ஒன்று, பலரும் கேட்கக் கூச்சப்படுவது: உடை மாற்ற உள்தாழ்ப்பாள் போட்ட அறை இருக்கிறதா? பக்கத்தில் தண்ணீர் வருகிற கழிப்பறை? ஏழாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் நடனத்தை விட்டு நின்றுபோவதற்குப் படிப்பைக் காரணம் சொல்வார்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் பல சமயம் காரணம் இந்தத் தாழ்ப்பாள்தான்.

ஆசிரியர்

யாரிடம் கற்றார், எத்தனை ஆண்டு, எந்தப் பாணி என்று நேராகவே கேளுங்கள், தப்பில்லை. பந்தநல்லூர், வழுவூர், கலாக்ஷேத்திரா என்று எந்தப் பாணியாக இருந்தாலும் சரி. ஆனால் நடுவில் மாற்றினால் பிள்ளைக்குக் கையும் காலும் குழம்பும். அடவின் பெயரும் வரிசையும்கூடப் பாணிக்குப் பாணி மாறும். வகுப்பில் அவர் தாளம் தட்டும் தட்டுக்கழியைக் கையில் எடுத்து, 'தையா தை' போன்ற தாளச் சொற்களான சொற்கட்டை வாயால் சொல்கிறாரா, புளூடூத் ஸ்பீக்கரை ஆன் செய்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாரா என்று கவனியுங்கள். ஸ்பீக்கர் பிள்ளைக்காக வேகத்தைக் குறைக்காது.

கதவு திறந்திருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் பெற்றோர் வந்து ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி வேண்டும். நடன வகுப்பில் தோளைத் தொட்டு, முதுகைத் தொட்டுத் திருத்துவது உண்டு. எங்கே தொடலாம், கேட்டுவிட்டுத் தொடுகிறார்களா என்பதைப் பிள்ளையிடம் பேசி வையுங்கள். தனியாக ஒரு பிள்ளையை மட்டும் நிறுத்தி வைத்து வகுப்பு எடுக்கக் கூடாது. இதெல்லாம் ஆசிரியைகளுக்கும் சேர்த்துத்தான், எனக்கும் சேர்த்துத்தான். மனதுக்குச் சரியாகப் படவில்லை என்றால் குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

முதல் ஆண்டு: பாட்டே கிடையாது

பெற்றோருக்குப் பொறுமை போகிற ஆண்டு இது. ஜூனில் சேர்த்த பிள்ளை தீபாவளிக்கும் 'தையா தை' என்று தட்டிக்கொண்டே இருப்பாள். "வேற ஒண்ணும் சொல்லித் தரலையா?" என்பீர்கள். சொல்லித் தருகிறோம், கண்ணுக்குத் தெரியாது.

முதலில் அரைமண்டி. குதிகால்களைச் சேர்த்து, பாதங்களைப் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி, முதுகு வளையாமல் உட்காருவது. திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பிவிட்டு முழங்கால் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தால் அந்த மூட்டு இரண்டு மூன்று வருடத்தில் பழி வாங்கும். வீட்டில் நீங்களே சோதிக்கலாம்: பிள்ளை அரைமண்டியில் இருக்கும்போது முழங்கால் அவளுடைய பாதத்தின் விரல்கள் இருக்கும் திசையைப் பார்க்கிறதா? பார்க்கவில்லை என்றால் பாதத்தின் திருப்பத்தைக் குறைக்கச் சொல்லுங்கள். நாளடைவில் இடுப்பு திறக்கும்.

பிறகு தட்டடவு, நாட்டடவு, குதித்து மெட்டடவு என்று ஒவ்வொன்றாக, ஒவ்வொன்றும் மூன்று காலத்தில். கூடவே கைமுத்திரைகள்: அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூலின்படி ஒற்றைக்கை முத்திரை மட்டும் 28. தாளமும் கூடவே வரும். திசிரம் 'தகிட', சதுசிரம் 'தகதிமி', கண்டம் 'தகதகிட', மிசிரம் 'தகிட தகதிமி', சங்கீர்ணம் 'தகதிமி தகதகிட'. எண்ணிக்கை முறையே மூன்று, நான்கு, ஐந்து, ஏழு, ஒன்பது. தொடையில் தட்டிக்கொண்டே இதைச் சொல்ல அறை தேவையில்லை, பஸ்ஸே போதும். சத்துவாச்சாரியிலிருந்து வரும் என் மாணவி ஒருத்தி டவுன் பஸ் நெரிசலில் நின்றுகொண்டே மிசிரம் கற்றாள். கண்டக்டர் பலமுறை முறைத்தாராம்.

வீட்டில் தினமும் 20 நிமிடம் போதும், அதற்கு மேல் முதல் ஆண்டில் வேண்டாம். கற்ற அடவைத் தப்பாக ஒரு மணி நேரம் செய்வதைவிட, சரியாகப் பத்துத் தடவை செய்வது மேல். சலங்கை இப்போது வாங்காதீர்கள். காலடி சுத்தமாக விழாதவரை சலங்கைச் சத்தம் தப்பை மூடி மறைக்கும். அடவு எல்லாம் முடிந்த பிறகு சலங்கை பூஜை செய்து கட்டுவதுதான் முறை, அதில் அர்த்தம் இருக்கிறது.

ஏழாம் வகுப்பில் அடவுகள் முடிந்து, மேடையில் ஆடும் உருப்படிகளில் முதலாவதான அலாரிப்பு தொடங்கலாம். எட்டில் ஜதிஸ்வரம், சப்தம். ஒன்பதில் வர்ணத்தின் முதல் பாதி. இந்த வரிசையைத் தஞ்சை நால்வர் எனப்படும் நடன ஆசான்களான நான்கு சகோதரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒழுங்குபடுத்திக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அலாரிப்பில் உடம்பு திறந்து, ஜதிஸ்வரத்தில் ராகம் சேர்ந்து, சப்தத்தில் பொருள் சேர்ந்து, வர்ணத்தில் எல்லாம் ஒன்றாக வரும். பாதியைத் தாண்டிக் குதிக்க வைக்கிற ஆசிரியரிடம் ஏன் என்று கேளுங்கள்.

பையன்கள்

சேர்க்கலாம். பரதத்தை உருவாக்கிக் கொடுத்த நட்டுவனார்கள், அதாவது நடன ஆசான்கள், பெரும்பாலும் ஆண்கள்தான். ஏழாம் வகுப்பில் கூடப் படிக்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள், எட்டாம் வகுப்பு ஆண்டு விழாவுக்கு அப்புறம் அது தானாக நின்றுவிடும். இரண்டு பையன்களைச் சேர்ந்தாற்போல் சேர்ப்பது நல்லது. ஒற்றைப் பையன் மூன்று மாதம்கூடத் தாக்குப்பிடிப்பதில்லை.

உடம்பு வளர்கிற வயது

பெண் பிள்ளைகளுக்குப் பத்திலிருந்து பதின்மூன்று வயதுக்குள்ளும், பையன்களுக்கு ஓரிரு ஆண்டு தள்ளியும் எலும்பு வேகமாக நீளும். தசை அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. நேற்று வரை வந்த அடவு இன்று வராமல் போகும், சமநிலை தவறும். பிள்ளை அழும். சோம்பேறித்தனம் என்று திட்டாதீர்கள், ஆறேழு மாதத்தில் சரியாகும்.

முழங்கால் சில்லுக்குக் கீழே, முன்பக்கம் எலும்பு மேடு வீங்கித் தொட்டால் வலிக்கிறது என்றால் கவனம் தேவை. வளர்கிற வயதில், குதிக்கிற பிள்ளைகளுக்கு இது வருவதுண்டு. தைலம் தடவி ஆட வைக்காதீர்கள். மருத்துவத்துக்குப் பேர்போன ஊரில் இருக்கிறோம். நாட்டின் மூலை முடுக்கிலிருந்தெல்லாம் சி.எம்.சி. மருத்துவமனைக்கு ரயிலேறி வருகிறார்கள், நமக்கு பஸ் பிடித்தால் போதும். எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஓய்வு எடுக்கச் சொன்னால், அந்த நாட்களில் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து தாளம் போடட்டும், அபிநயம் கற்கட்டும். லீவு போட வேண்டாம்.

மாலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு வரக் கூடாது. மதியம் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டது நாலரைக்கு என்ன செய்யும்? ஒரு வாழைப்பழம், வேர்க்கடலை, கேழ்வரகு அடை, ஏதாவது டப்பாவில் கொடுத்தனுப்புங்கள். வெயில் நாட்களில் நீர்மோர். மாதவிடாய் நாட்களில் ஆடலாமா என்று கேட்பார்கள். வலி இல்லை என்றால் ஆடலாம், இருந்தால் உட்காரலாம், பிள்ளையே முடிவு செய்யட்டும்.

ஒன்பதும் பத்தும்

பத்தாம் வகுப்பு வந்ததும் நடனத்தை நிறுத்துவதுதான் ஊர் வழக்கம். காலையில் ஸ்பெஷல் கிளாஸ், மாலையில் ஸ்பெஷல் கிளாஸ், ஞாயிறு டெஸ்ட். மாநிலப் பாடத்திட்டத்தில் ஐந்து பாடம், 500 மதிப்பெண், அதில் நடனத்துக்கு ஒன்றும் கிடையாது. நிறுத்தியவர்களில் பதினொன்றில் திரும்பி வந்தவர்கள் என் கணக்கில் மிகக் குறைவு. ஒரு வருடம் விட்ட அரைமண்டியை மறுபடி உட்கார வைக்க ஆறு மாதம் ஆகும், அதற்குள் பிள்ளைக்கே வெறுத்துவிடும்.

முழுசாக நிறுத்தாமல் சுருக்குங்கள். பத்தாம் வகுப்பில் புதிதாக எந்த உருப்படியும் தொடங்க வேண்டாம், மேடையும் வேண்டாம். சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் மட்டும், தெரிந்ததை ஆடிப் பார்ப்பது. வீட்டில் தினம் கால் மணி நேரம் அடவு. மூன்று மணி நேரம் படித்த பிறகு கால் மணி நேரம் உடம்பை அசைப்பது படிப்புக்கும் நல்லதுதான். ஜனவரியிலிருந்து தேர்வு முடியும்வரை அதையும் விட்டுவிடலாம். இந்தத் திட்டத்தை ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே வகுப்பாசிரியரிடம் சொல்லி வையுங்கள். பத்தாம் வகுப்பு ஆகஸ்டில் போய்ச் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

சி.பி.எஸ்.இ. பள்ளியில் படிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் வழி உண்டு: 11, 12ஆம் வகுப்புகளில் பரதத்தை ஒரு பாடமாகவே எடுக்கலாம், பள்ளி அதை நடத்தினால். கேட்டுப் பாருங்கள்.

ஊரில் இருக்கிற ஆட்டம்

பரதம் கற்கிற பிள்ளை தெருக்கூத்தைப் பார்க்காமல் வளர்வது எனக்குப் பிடிக்காத விஷயம். பழைய வடாற்காடு கூத்துக்குப் பேர்போன மண். செய்யாறு பக்கத்துப் புரிசை, கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரானின் ஊர், அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. திரௌபதி அம்மன் கோயில்களில் மகாபாரத விழா நடக்கிற நாட்கள் பெரும்பாலும் கோடை விடுமுறையில் வரும். பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். ஒரு இரவு விழிக்க வைத்துக் கூட்டிப் போங்கள். கூத்தாடி கிறுகிறுவென்று சுற்றி வந்து சரியாகத் தாளத்தில் நிற்பதைப் பார்த்தால் மூன்றாம் காலம் என்றால் என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

பள்ளிப் படிப்போடு ஆட்டத்தைச் சேர்ப்பது முடியாத காரியம் என்று யாராவது சொன்னால், காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தைச் சொல்லுங்கள். பிள்ளைகள் அங்கேயே தங்கி, கூத்தும் பள்ளிப் பாடமும் சேர்த்தே படித்தார்கள். சென்னையில் 1936இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திராவின் வளாகத்துக்குள்ளும் பெசன்ட் அருண்டேல் பள்ளி என்று ஒரு சாதாரணப் பள்ளி இயங்குகிறது.

ஒரு நாள் திருவண்ணாமலைக்குப் போய்வாருங்கள். கோபுரத்தில் கரணங்கள் எனப்படும் நடன நிலைகளின் சிற்பங்கள் இருக்கின்றன. பிள்ளைகள் அதன் கீழே நின்று அதே போல் நிற்க முயன்று விழுவார்கள். சிற்பம் பார்க்க நம் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபம் இருக்கவே இருக்கிறது.

போட்டியும் உதவித்தொகையும்

பள்ளிக் கல்வித் துறை 2022-23 முதல் நடத்தும் கலைத் திருவிழா பள்ளி, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாகப் போகும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை படிப்பவர்களுக்கு மத்திய அரசின் கலா உத்சவ் உண்டு. இவை போதும். தெருவுக்குத் தெரு நடக்கிற, நுழைவுக் கட்டணம் கட்டினால் எல்லாருக்கும் கோப்பை கொடுக்கிற போட்டிகளுக்குப் போகாதீர்கள். 'உலக சாதனை' என்று ஆயிரம் பேரை வெயிலில் நிறுத்தி ஆட வைத்துச் சான்றிதழுக்குப் பணம் வாங்குவது அதைவிட மோசம்.

பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்கு டெல்லியில் இருக்கும் கலாச்சார வளங்கள் மற்றும் பயிற்சி மையம், சுருக்கமாக சி.சி.ஆர்.டி., திறனறி உதவித்தொகை தருகிறது. தேர்வானால் குருவுக்குக் கட்டும் கட்டணத்துக்கும் உதவி உண்டு. பதினான்கு தாண்டினால் விண்ணப்பிக்க முடியாது, அதனால் ஏழாம் எட்டாம் வகுப்பிலேயே நினைவில் வையுங்கள். மாவட்டக் கலை மன்றம் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் 'கலை இளமணி' விருது தருகிறது, அதற்குப் பதினொன்று பன்னிரண்டில் பார்த்துக்கொள்ளலாம்.

அரங்கேற்றம்

அவசரப்பட வேண்டாம். மண்டபம், பக்கவாத்தியம், உடை, நகை, சாப்பாடு, வீடியோ என்று போனால் லட்சக்கணக்கில் செலவாகும். கல்யாணம் மாதிரி கடன் வாங்கிச் செய்தவர்களை எனக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை சரியான காலம். பள்ளி மேடையிலேயே, மூன்று பேர் சேர்ந்து, எளிமையாக வைத்தால் செலவு மூன்றாகப் பிரியும். அதுவும் முடியவில்லை என்றால் நவராத்திரியிலோ மகா சிவராத்திரியிலோ பக்கத்துக் கோயிலில் அரை மணி நேரம் கேட்டு வாங்கி, கற்ற வர்ணத்தை முழுசாக ஆடட்டும். அதை அரங்கேற்றம் என்று நான் ஒப்புக்கொள்வேன்.

பன்னிரண்டுக்கு அப்புறம்

நடனத்தையே படிப்பாக எடுக்க விரும்பினால், கலாக்ஷேத்திராவில் நான்கு ஆண்டுப் பட்டயம் இருக்கிறது. சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. திருச்சியில் கலைக்காவிரி நுண்கலைக் கல்லூரி இருக்கிறது, கத்தோலிக்கத் திருச்சபை நடத்துவது. மிஷன் பள்ளிகள் நிறைந்த நம் ஊரில், "நாங்க சர்ச்சுக்குப் போறவங்க, பரதம் கத்துக்கலாமா?" என்று கேட்கிற குடும்பங்களிடம் கலைக்காவிரியைத்தான் சொல்வேன். இன்ஜினியரிங்கோ நர்சிங்கோ போகிறவர்கள் ஏழு ஆண்டு கற்றதை விடாமல் வைத்துக்கொள்ள, சேர்கிற கல்லூரியில் கலைக்குழு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் பையில்

பருத்திச் சல்வார், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டத் தெரிந்தால் போதும். பயிற்சிப் புடவை அடுத்த ஆண்டு வாங்கலாம். லெக்கின்ஸ் வேண்டாம், முழங்கால் மடங்குவது தெரியும்தான், ஆனால் வியர்வையில் ஒட்டிக்கொண்டு நம் ஊர் வெயிலில் புழுங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில். கைத்துண்டு. சொற்கட்டு எழுத நாற்பது பக்க நோட்டு. தலையைப் பின்னி ரிப்பன் கட்டி அனுப்புங்கள், கிளிப் வேண்டாம், குதிக்கும்போது தெறித்துக் காலில் குத்தும். கொலுசைக் கழற்றிவிடுங்கள். கால் நகம் வெட்டியிருக்கட்டும்.